சாக்கில் இரண்டு ஓட்டை

1

மன்னார் தோட்டவெளிச் சனத்துக்கு டெக்சாஸ் கரையிலிருந்து மடுத்தீன் எழுதுவது. கோயில் திருவிழா மலர் போடும் தம்பிமார் ஒரு வருடமாக என்னை விடுகிறார்கள் இல்லை. "அண்ணை, வெறுங்கையோட போய் நாலு இறால் படகுக்கு முதலாளியா இருக்கிறியள், அந்தக் கதையை எழுதித் தாங்கோ" என்று ஒரே கரைச்சல். எழுதலாம். நாலாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். ஆனால் கதை சொல்ல எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. எழுத்துப் பிழையைத் தம்பிமார் திருத்தட்டும். செய்தியில் கை வைக்க வேண்டாம்.

எங்கள் ஆட்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்க் கோப்பை கழுவிய காலத்தில் நான் சரக்குக் கப்பலில் வந்து இந்தக் கரையில் இறங்கினேன். இங்கேயும் இறால்தான். வலை வேறு, பாஷை வேறு, கடல் ஒன்று. முதல் வேலை பார்த்த படகில் மூன்றாம் மாதமே படகோட்டும் தண்டையல் சுக்கானை என் கையில் தந்துவிட்டுப் படுக்கப் போனான். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து அடியில் சேறா மணலா என்று சொல்கிறவனை வேறு என்ன செய்வது? இன்றைக்கு நான்கு படகு. நான்கிலும் மடுமாதா படம் வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை செய்கிறவர்கள் ஆறு பாஷை பேசுகிறார்கள். ஆறிலும் எனக்குப் பேச்சு வரும்.

என் வெற்றியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வேறொன்று வந்து குறுக்கே நிற்கிறது. அதை எழுதி முடிக்காமல் மற்றது வராது போலிருக்கிறது.

2

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கணினி வேலையோடு வடக்கே போய்விட்டான். கிறிஸ்மசுக்கு ஒரு படம் அனுப்புவான், அதில் நாய் முன்னால் நிற்கும். இளையவள் ஜெனிற்றா அமெரிக்க இராணுவத்தில் இருக்கிறாள். சேர்ந்த செய்தியை அவள் சொன்ன அன்று என் மனிசி பிலோமினா மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. சீருடையைக் கண்டால் ஒழுங்கை மாறிப் போன சனம் நாங்கள். இப்போது அந்தச் சீருடை எங்கள் வீட்டுக் கொடியில் காய்கிறது. காற்றடித்தால் அதற்குள் ஆள் இருப்பதுபோல் நெஞ்சு புடைக்கிறது. பிலோமினா அதைத் துவைப்பாள், ஆனால் கொடியிலிருந்து எடுக்க மாட்டாள். நான்தான் எடுத்து வருவேன்.

ஜெனிற்றாவுக்குச் சார்ஜன்ட் பதவி உயர்வு வர வேண்டும். சும்மா தரமாட்டார்கள். ஒரு சபை இருக்கிறது. மூடிய அறைக்குள் நீட்டு மேசை, மேசைக்குப் பின்னால் ஐந்து மூத்தவர்கள். கதவைத் தட்டி, கூப்பிட்ட பிறகு உள்ளே போய், சல்யூட் அடித்து, பெயரைச் சொல்லி, தனியாகப் போட்டிருக்கும் கதிரையில் முதுகு சாயாமல் இருக்க வேண்டும். அவர்கள் மாறிமாறிக் கேட்பார்கள். காயக்காரனுக்கு முதலில் என்ன செய்வது, வரைபடத்தில் எந்த நிறம் எதைக் குறிக்கும், எல்லாம் வரும். பதிலோடு கண்ணையும் பார்ப்பார்கள், கையையும் பார்ப்பார்கள்.

முதல் தடவை பிள்ளை தோற்றுவிட்டாள். இரண்டாம் தடவையும் தோற்றால் இனிமேல் பெயர் போடமாட்டோம் என்று அவளுடைய மேலதிகாரி சொல்லிவிட்டார். ஒப்பந்தமும் முடிகிற நேரம். வீட்டுக்கு வந்து என் படகில் கணக்கெழுதுவதுதான் மிச்சம். அவளுக்கு அதைவிடச் சாவு நல்லது. முகத்தில் தெரிந்தது.

"படிச்சனிதானே பிள்ளை? பிறகென்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"எல்லாம் தெரியும் அப்பா. சரியாத்தான் சொன்னனான். மேசைக் கரையில இருந்தவர் தலையை இப்பிடி ஆட்டினார், இல்லையெண்டு. நான் பயந்துபோய் பதிலை மாத்திட்டன். பிறகு எல்லாக் கேள்விக்கும் அவரின்ரை தலையையே பாத்துக் கொண்டிருந்தன். நாலு பதிலை மாத்தினனான். நாலும் முதல் சொன்னதுதான் சரி."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது என் பாடம். சின்ன வயதிலிருந்து என் இரண்டு பிள்ளைகளுக்கும் நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: முன்னால் இருக்கிறவன் வாயைப் பார்க்காதே, தலையைப் பார். வாய் பொய் சொல்லும், தலை சொல்லாது.

இந்த நாட்டுக் குடியுரிமைக் கந்தோரில் அதிகாரி என்னிடம் ஏதோ கேட்டபோது நான் நம் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். ஓம் என்று அர்த்தம். அந்த மனிதன் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான். நான் மறுபடி ஆட்டினேன். "வாயால் சொல்" என்றான். வெளியே வந்து பிலோமினாவிடம், "தலையை வாசிக்கத் தெரியாதவனெல்லாம் அதிகாரி" என்று சிரித்தேன். தலை வாசிப்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. என் உயிரே அதனால்தான் தப்பியது என்று நினைத்திருந்தேன்.

3

அந்தக் கதையை ஊரில் வயதானவர்கள் அறிவார்கள். நானே நூறு தரம் சொல்லியிருப்பேன். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

எண்பதுகளில் ஒரு காலை. பூசைக்கு மணி அடிக்கவில்லை. அதிலேயே விளங்கிவிட்டது. ஊரை வளைத்து ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் கொண்டுபோய்க் குந்தி இருக்கச் சொன்னார்கள். யாருடைய சீருடை என்பது இங்கே வேண்டாம். எங்கள் கரையில் சீருடைகள் மாறிக்கொண்டே இருந்தன. சாக்கு மட்டும் மாறவில்லை.

மைதான ஓரத்துப் பெருக்கமரத்தின் கீழே ஆசிரியரின் கதிரையைக் கொண்டுவந்து போட்டு, அதில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி ஒருவனை இருத்தினார்கள். தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு, முகத்துக்கு நேரே இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக எழும்பிப் போய் அதற்கு முன்னால் நிற்க வேண்டும். தலை பக்கவாட்டில் அசைந்தால் திரும்பி வந்து இருக்கலாம். மேலும் கீழும் அசைந்தால் லொறியில் ஏற வேண்டும்.

பெண்களை வேலிக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். பிலோமினாவும் நின்றாள். அவ்வளவு சனத்துக்கும் ஒரு சத்தமில்லை. காற்றும் இல்லை. மன்னாரில் காற்றில்லாத நாள் எது என்று யோசித்துப் பாருங்கள். ஊர்க் கழுதை ஒன்று உள்ளே வந்து கதிரைக்குப் பக்கத்தில் நின்று, மொய்த்த இலையான் கலைக்கத் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்குப் பக்கத்தில் சூசை. கிழிந்த வலை பொத்துவதில் கெட்டிக்காரன். முந்தின ஞாயிறுதான் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தான். உதடு அசையாமல் என்னிடம் சொன்னான்:

"அண்ணை, ரெண்டு காலும் விறைச்சுப் போச்சு. என்னைப் பிடிச்சால் காவித்தான் கொண்டு போக வேணும்."

"பேசாமல் இரடா."

"அந்தக் கழுதைக்கு முன்னால மட்டும் என்னை நிப்பாட்ட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

என் முறை வந்தது. போய் நின்றேன். மற்றவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். நான் அந்த இரண்டு ஓட்டைக்குள் என் கண்ணை விட்டேன். இமைக்கவில்லை. சாக்குக்குள் இருந்தவன் என் பார்வையைத் தாங்க முடியாமல் தலையைப் பக்கவாட்டில் திருப்பினான். நான் வந்து இருந்தேன். அடுத்தது சூசை போனான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாக்கு மேலும் கீழும் ஆடியது.

காவத் தேவைப்படவில்லை. தானே நடந்து போய் ஏறினான். பிறகு அவனை ஒருவரும் காணவில்லை.

ஆனால் நான் ஒன்றைக் கண்டேன். சாக்குக்குக் கீழே சாரம், சாரத்துக்குக் கீழே கால். வலது காலில் சின்ன விரல் இல்லை. படகுக் கயிறு இறுக்கி விரலைத் தின்ற கால் எங்கள் ஊரில் ஒன்றுதான் உண்டு. பத்து நாளுக்கு முன்னால் பிடிபட்டுப் போயிருந்த சவிரி.

இரண்டு கிழமை கழித்துச் சவிரியை விட்டுவிட்டார்கள். அவன் ஊருக்குள் வரும் முன்பே நான் சொல்லி முடித்துவிட்டேன். கோயில் வாசலில், மீன் வாடியில், தேத்தண்ணிக் கடையில். "என்னைப் பாத்து அவனுக்குக் கண் கூசினது. சூசையைக் குடுத்தது அவன்தான்." நான் சொன்னால் ஊர் கேட்கும், அப்போதும் அப்படித்தான். பிறகு ஒருவரும் அவனைப் படகில் ஏற்றவில்லை. பூசையில் அவன் இருந்த வாங்கில் வேறு ஒருவரும் இருக்கவில்லை. மழை முடிய மனிசியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தெற்கே அரிப்பு என்ற ஊருக்குப் போய்விட்டான். நல்லது என்று நினைத்தேன்.

4

ஜெனிற்றா பத்து நாள் லீவில் வந்தாள். "அப்பா, நீங்கள்தான் சபை" என்றாள். பகலில் படகுகள் வெளியே போனபிறகு இருப்பறையில் மேசையைத் திருப்பிப் போட்டோம். மேசைக்குப் பின்னால் நான், நடு அறையில் அவளுடைய கதிரை. கேள்விகளை அட்டைகளில் எழுதித் தந்திருந்தாள். நான் எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்க முதலே பதில் வந்துவிடும். பிழை அறிவில் இல்லை. கண்ணில்தான். ஒவ்வொரு பதிலையும் சொல்லிவிட்டு என் முகத்தைத் தேடினாள்.

மூன்றாம் நாள் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "உங்கட மீசை கதைக்குது அப்பா. நான் வாய் திறக்க முதலே சரி பிழை எண்டு சொல்லுது. முகத்தை மூடுங்கோ."

"என்னத்தால மூட?"

குசினியில் பாசுமதி அரிசி வந்த துணிப்பை ஒன்று கிடந்தது. பிலோமினா செத்தல் மிளகாய் போட வைத்திருந்தது. அதை எடுத்து, கத்தரிக்கோலால் இரண்டு ஓட்டை வெட்டி, நானே தலையில் மாட்டினேன். மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், மாட்டும்வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பகிடி என்றுதான் நினைத்தேன்.

உள்ளே மிளகாய் நெடி. மூச்சை விட்டால் அது சூடாகத் திரும்பி என் முகத்துக்கே வந்தது. என் மூச்சு என் காதுக்குள் வேறொருவன் இரைப்பதுபோல் கேட்டது. ஓட்டைகள் கண்ணுக்கு நேராக நிற்கவில்லை. ஒன்று புருவத்தில், மற்றது கன்னத்தில். அதற்குள்ளால் ஜெனிற்றா தெரியவில்லை. ஒரு முழங்கால் தெரிந்தது. பிறகு ஒரு பொத்தான். பிறகு வெறும் வெள்ளை வெளிச்சம். சபை முறைப்படி அவள் வெளியே போய்க் கதவைத் தட்டிய சத்தம் அடுத்த வீட்டில் கேட்பதுபோல் இருந்தது.

அட்டையை வாசிக்க முடியாது. நினைவிலிருந்து கேட்டேன். "வரைபடத்தில கறுப்பு நிறம் என்ன?"

"மனிசர் கட்டினது. வீடு, பாலம்." அவளுடைய கதிரை கிரீச்சிட்டது. "சரியோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"தலையாட்டினீங்கள்."

"இல்லை. அடுத்தது, நீலம்?"

"தண்ணி." கதிரை மறுபடி கிரீச்சிட்டது. "ஏன் இல்லையெண்டு ஆட்டுறியள்? நீலம் தண்ணிதான்."

"பிள்ளை, நான் அசையவேயில்லை. கல்லு மாதிரி இருக்கிறன்."

"ஆட்டுறியள் அப்பா. இப்பவும் ஆட்டுறியள்."

அவளுடைய குரலில் சிரிப்புப் போய்விட்டிருந்தது. கழுத்தை இறுக்கிப் பிடித்தேன். அவள் எழும்பி வந்து மேசைக்கு முன்னால் நின்றாள் என்று நினைக்கிறேன், ஓட்டை இரண்டும் இருண்டன. அப்போது குசினி வாசலில் பிலோமினாவின் சத்தம்:

"இஞ்சாருங்கோ. அதைக் கழட்டுங்கோ."

"பகிடிக்குப் போட்டது."

"கழட்டுங்கோ! வேலிக்கு வெளியில நிண்டனான் நான். எனக்கு அந்தத் தலையைத் தெரியும்."

கழற்றினேன். பிலோமினா அறைக்குள் வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தது.

ஜெனிற்றா போனை என் முன்னால் வைத்தாள். தான் கதிரையில் இருக்கும் விதத்தைப் பிறகு பார்த்துத் திருத்த அவள் தினமும் வீடியோப் படம் பிடித்து வைப்பாள். அன்று எங்கள் இருவரையும் சேர்த்துப் பிடித்திருந்தாள். பார்த்தேன். என் சட்டை, என் கை, என் மோதிரம். கழுத்துக்கு மேலே சாக்கு. அது ஆடுகிறது. ஓட்டையைக் கண்ணுக்கு நேரே கொண்டுவர மேலே போகிறது, கீழே வருகிறது. காற்றுக்காகப் பக்கவாட்டில் திரும்புகிறது. நான் கல்லாக இருந்ததாக நினைத்த அந்தப் பத்து நிமிடத்தில் அது ஒரு தரமும் நிற்கவில்லை.

நூறு தரம் சொன்ன கதையைப் பிள்ளைக்கு மறுபடி சொன்னேன். இந்த முறை மெதுவாக. என் கண்ணுக்கு அவன் கூசினான் என்ற இடம் வந்தபோது வாய் நின்றுவிட்டது.

"அப்ப அந்த மனிசன்?" என்றாள் ஜெனிற்றா.

"எந்த மனிசன்?"

"சாக்குக்குள்ள இருந்தவர். அவரும் பாக்கத்தான் ஆட்டினாரோ? மூச்சு விடத்தான் ஆட்டினாரோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை."

நான் தெரியாது என்று சொன்னதை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மிச்ச நாள் முழுக்க அவளுக்கு எதிர்ப்பாடம் நடத்தினேன். "தலையைப் பாக்காதை. அது தன்ரை பாட்டுக்கு ஆடும். உன்ரை பதிலை நீ சொல்லிப்போட்டு அப்பிடியே இரு." சாக்கில்லாமல் மேசைக்குப் பின்னால் இருந்து வேண்டுமென்றே தலையை எல்லாப் பக்கமும் ஆட்டினேன். கடைசி நாள் அவள் ஒரு பதிலையும் மாற்றவில்லை.

பிலோமினா அந்தப் பையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். வளைகுடாக் காற்றில் அது சீருடைக்குப் பக்கத்தில் தொங்கியது. இரண்டு ஓட்டையும் வீட்டைப் பார்த்தபடி. மேலும் கீழும், மேலும் கீழும். அதையும் அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

5

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"அப்பா, சரி."

"என்ன சரி?"

"கிடைச்சிட்டுது! சார்ஜன்ட் ஜெனிற்றா எண்டு கூப்பிடுங்கோ."

பிலோமினா போனைப் பறித்து அழுதாள். பிறகு நான் பறித்தேன். "எப்பிடி இருந்தது?"

"அதே ஆள்தான் மேசைக் கரையில இருந்தவர் அப்பா. நான் வாய் திறக்க முதலே தலை ஆடத் துவங்கிட்டுது. மற்ற ஆள் கேள்வி வாசிக்கேக்கையும் ஆடுது. தண்ணி குடிக்கேக்கையும் ஆடுது. அது அவரின்ரை கழுத்து வருத்தமாம், தானா ஆடுமாம், பிறகு வெளியில சொன்னவை. போன முறை நான் அதைப் பாத்து என்ரை நாலு பதிலையும் அழிச்சனான்." குரலைத் தாழ்த்தினாள். "இனி உங்கட முறை."

"என்ன முறை?"

"கதவைத் தட்டுங்கோ அப்பா. அந்த மனிசன் இருக்கிறார்தானே?"

மலர் போடும் தம்பி ஒருவனிடம் கேட்டேன். சவிரி அரிப்பில் இருக்கிறான், கண் பார்வை குறைவு, மகளோடு இருக்கிறான் என்று சொல்லி நம்பரை அனுப்பினான். நான்கு நாள் அதை வைத்துக்கொண்டு இருந்தேன். புயலுக்குள் படகு விட்டவன் நான். இதற்கு நான்கு நாள் எடுத்தது.

6

அங்கே விடிந்து வெயில் ஏறிய நேரம் பார்த்து எடுத்தேன். மகள் எடுத்து அவனிடம் கொடுத்தாள். காகம் கரைவது கேட்டது.

"ஆர்?"

"தோட்டவெளி மடுத்தீன்."

மூச்சு மட்டும் கேட்டது. சாக்குக்குள் நான் கேட்ட அதே இரைப்பு. "சொல்லு" என்றான்.

சபைக்கு முன்னால் போன பிள்ளை பாடம் பண்ணியதுபோல் நானும் பாடம் பண்ணி வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. "சவிரி, அண்டைக்கு அந்தச் சாக்குக்குள்ள உனக்குக் கண் தெரிஞ்சதோ?"

"இத்தினை வருசத்தில ஒருத்தரும் இதைக் கேக்கேல்லை" என்றான். "ஓட்டை நெத்தியில கிடந்தது. கையைப் பின்னால கட்டியிருந்தவங்கள், இழுத்து விட ஏலாது. மூச்சு முட்டினது. காத்துக்கு முகத்தைத் தூக்கினன், பதிச்சன், திருப்பினன். ஆர் வந்து நிண்டது, ஆர் போனது ஒண்டும் தெரியாது."

"நான் நிண்டது?"

"நீ நிண்டதே நீ ஊருக்குச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

இதை ஊரறிய எழுதுகிறேன். என் பார்வைக்கு ஒருவரும் கூசவில்லை. அந்த ஓட்டைக்குள் நான் கண்ணைக் காணவும் இல்லை, கறுப்பைத்தான் கண்டேன். நான் முறைத்தது ஒரு சாக்கை. அதைக் கொண்டு வாழ்நாள் முழுக்கப் பெருமை பேசினேன்.

"சவிரி..." என்றேன்.

"சூசை வந்து நிண்டதும் எனக்குத் தெரியாது" என்றான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். "அவன் போனது என்னாலதான் எண்டு நீ சொன்னாய். நீ முன்னுக்கு இருந்தனி, உனக்குத் தெரியும்தானே எண்டு நானும் நம்பினனான். சூசையின்ரை பிள்ளையின்ரை முகத்தில முழிக்க ஏலாமல்தான் ஊரை விட்டனான். இப்ப நீயே எடுத்திருக்கிறாய். மடுத்தீன், எனக்கு வேற சாட்சி இல்லை. நீ பாத்தனியெல்லோ. சொல்லு, நான் தலையாட்டினனானோ?"

யன்னலுக்கு வெளியே கொடியில் அந்தப் பை ஆடிக்கொண்டிருந்தது. பிலோமினா எனக்கு முன்னால் நின்று என் முகத்தையே பார்த்தாள். ஆறு பாஷை பேசும் வாய் திறக்கவில்லை.

என் தலை அசைந்தது என்று பிறகு அவள் சொன்னாள். மேலும் கீழுமா பக்கவாட்டிலா என்று நான் கேட்கவில்லை.